கோழி இல்லாத கொட்டகையில் வெள்ளோட்டம்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று, என்னிடம் வேலை பழகிய நித்யா கேட்டாள். கொஞ்சம் ஊக்கமாக இருக்கட்டும் அக்கா என்றாள். ஊக்கம் வேண்டுமென்றால் கீழே டீக்கடை இருக்கிறது. நான் எழுதப்போவது வேறு. திண்டுக்கல்லில் ஏ.சி. அறையில் உட்கார்ந்து நீங்கள் ஒரு பொத்தானைத் தட்டினால், சேவுகம்பட்டிப் பக்கம் ஒரு கொட்டகைக்குள் என்ன ஆகும் என்று எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. பேனல் போர்டில் வயர் கட்டுகிற வேலையில் ஆரம்பித்து, இந்தக் கம்பெனியில் களப்பணித் தலைமை என்ற பட்டத்தோடு ஓய்வு பெற்றேன். பட்டத்துக்கு அர்த்தம் கேட்காதீர்கள். எங்கே எது நின்று போனாலும் திட்டு என் போனுக்கு வரும், அவ்வளவுதான்.

நாம் செய்கிற பொருளை நீங்கள் விளம்பரத்தில் படித்திருப்பீர்கள். படித்ததை மறந்துவிடுங்கள். உள்ளங்கை அளவு ஒரு பெட்டி. அது கறிக்கோழிக் கொட்டகையின் சுவரில் இருக்கும். உள்ளே எவ்வளவு சூடு என்று பார்த்து, பெரிய ஃபேன்களை ஓட்டும், நிறுத்தும். அதற்கான புரோகிராமை யாரும் வரிவரியாக எழுதுவதில்லை. திரையில் கட்டங்களை இழுத்துப் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் கோடு போடுகிறோம். 'சூடு ஏறினால்' என்று ஒரு கட்டம். 'ஃபேனை ஓட்டு' என்று இன்னொன்று. நடுவில் ஒரு கோடு. கோலம் போடத் தெரிந்தவர்கள் எல்லாரும் இதைப் போடலாம். பிறகு அந்த மென்பொருள் மொத்தத்தையும், அதற்கு வேண்டிய சாமான்களோடு, ஒரே பொட்டலமாகக் கட்டி சிம் கார்டு வழியாகப் பெட்டிக்கு அனுப்புகிறோம். அந்தப் பொட்டலத்துக்குக் கன்டெய்னர் என்று பெயர். எவன் வைத்தானோ தெரியாது. அந்தப் பெயர் செய்த வேலையும் இந்தக் கதையில் வருகிறது.

அந்தச் சித்திரையில் நமது முதலாளி புதிய கன்டெய்னரை எல்லாப் பண்ணைக்கும் அனுப்ப முடிவு செய்தார். நான், முதலில் ஒரு பண்ணைக்கு அனுப்புவோம், நாலு நாள் பார்ப்போம், அப்புறம் மற்றதற்குப் போவோம் என்றேன். பைலட் என்று சொல்லிப் பார்த்தேன். படிப்படியாக என்று சொல்லிப் பார்த்தேன். அவர் காலண்டர் தாளைக் கிழித்துக் கையில் வைத்திருந்தார்.

"அக்கா, வியாழக்கிழமை பதினொரு மணியை ஒட்டி அருமையான நேரம். அதுக்குள்ள எல்லாத்தையும் போட்டுருவோம்."

"அது வெயில் ஏறுற நேரம். விடியக்காலம் போடலாம்."

"விடியக்காலம் எமகண்டம்."

"சரி, அந்த நேரத்துலயே போடுங்க. ஒரு பண்ணைக்கு மட்டும் போடுங்க."

"அப்ப மத்த பண்ணைக்கெல்லாம் கெட்ட நேரத்துல போடணுமா? ஒருத்தருக்கு நல்லது, இன்னொருத்தருக்குக் கெட்டதா? தேரு இழுக்கறோம்னா எல்லாரும் ஒண்ணாக் கை வச்சாத்தான்க்கா நகரும்."

நான் கத்தோலிக்கக் குடும்பம். ஆகவே நல்ல நேரம் பற்றி நான் வாய் திறந்தாலே, உங்களுக்கு இதில் நம்பிக்கை இல்லை என்று முடித்துவிடுவார். எங்கள் தெருவில் பாதர் வந்து தீர்த்தம் தெளிக்காமல் ஒரு ஆட்டோ கூட ரோட்டில் இறங்காது. ஆனால் தெளித்த பிறகும் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் சவாரி ஏற்றுவார்கள். அதைச் சொல்ல எனக்கு அப்போது தோன்றவில்லை.

விளம்பரம் பார்க்கிற பிரிவு தன் பங்குக்கு வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் ஒரு செய்தி அனுப்பியது. 'அன்பார்ந்த பண்ணையாளரே, வரும் வியாழக்கிழமை முற்பகல் தங்கள் பண்ணையில் எமது புதிய கன்டெய்னர் வந்து இறங்கும். தயாராக இருக்கவும்.'

தாடிக்கொம்புப் பக்கமிருந்து ஒருவர் உடனே போன் போட்டார்.

"ஏம்மா, எங்க பாதையில டிராக்டரே திரும்பாது. கன்டெய்னரை எப்புடிக் கொண்டாருவீக?"

"லாரி கன்டெய்னர் இல்லண்ணே. அது போன்ல வர்ற புரோகிராமு."

"அப்ப எதும் வராதா?"

"வரும். ஆனா கண்ணுக்குத் தெரியாது."

"கண்ணுக்குத் தெரியாததுக்கு நான் என்னத்தம்மா தயாரா இருக்கறது?"

சரியான கேள்வி. திருத்திய செய்தி ஒன்று அனுப்புங்கள் என்று முதலாளியிடம் போய் நின்றேன். மறுபடி அனுப்பினால் நமக்கே விஷயம் தெரியவில்லை என்று நினைப்பார்கள் என்றார். நமக்கு விஷயம் தெரியவில்லை என்பதுதான் அங்கே உண்மை.

வியாழக்கிழமை வந்தது. ஆபீசில் இருந்த சர்வர் கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம், சம்பங்கி மாலை. பக்கத்தில் ஒரு தட்டில் எலுமிச்சம்பழம். எல்லாருக்கும் கேசரி. முதலாளி கிழக்கே பார்த்து நின்று பொத்தானைத் தட்டினார். பெரிய திரையில் பண்ணைகளின் பெயர்கள் எல்லாம் பச்சையாக இருந்தன. கைதட்டினார்கள். ஒருவர் போட்டோ எடுத்தார்.

அந்தக் கைதட்டலுக்கு நடுவே உள்ளே என்ன நடந்தது என்று சொல்கிறேன். இந்தச் சின்னப் பெட்டிகளில் இடம் கம்மி. அதனால் பழைய கன்டெய்னரை நிறுத்து, அதை அழி, புதியதை இறக்கு என்று வரிசை வைத்திருந்தார்கள். ஆபீஸ் மேசையில், வைஃபை பக்கத்தில், அது கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. சோதனை வெற்றி என்று எழுதிக்கொண்டார்கள். பண்ணையில் இருப்பதோ ஒரு சிம் கார்டு. சிக்னல் வேப்ப மரத்தைத் தாண்டி வந்தால் உண்டு. போதாததற்கு, முகூர்த்தத்தை விடக் கூடாது என்று அத்தனை பெட்டிகளும் அடுத்தடுத்து அதே ஆபீஸ் லைனில் புதியதை இழுக்க ஆரம்பித்தன. கல்யாண மண்டபத்தில் மொத்த ஊரும் முதல் பந்திக்கே வந்து வாசலில் அடைத்துக்கொண்டது போல ஆயிற்று. பழையது போய்விட்டது. புதியது வழியில் நிற்கிறது. நடுவில் பெட்டி பொணம். பெட்டிக்கு உயிர் இல்லையென்றால் ஃபேனுக்கும் இல்லை. சூடு ஏறினால் ஊளையிடுகிற சைரனாவது இருக்கிறதே என்பீர்கள். அதுவும் அதே பெட்டியில்தான் இருக்கிறது.

திரை மட்டும் பச்சை. ஏனென்றால் அது காட்டியது, பெட்டி கடைசியாக மூச்சுவிட்டபோது சொன்ன சேதி.

நான் கேசரியை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தேன். சேவுகம்பட்டிப் பக்கம் பாக்கியம் என்ற அம்மாவின் பண்ணை. கொட்டகைச் சூடு என்று ஓர் எண் இருந்தது. வேறு வேலையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன், அதே எண். மறுபடி பார்த்தேன், புள்ளிக்குப் பின்னால் இருக்கும் எண்கூட அசையவில்லை. சித்திரை வெயிலில், உயிருள்ள கோழிகள் நிற்கும் இடத்தில், சூடு அப்படி மரம் மாதிரி நிற்காது. பிள்ளைகளே, இதை மட்டுமாவது மண்டையில் ஏற்றுங்கள். எண் ஏறினால் பயப்படாதீர்கள், இறங்கினாலும் பயப்படாதீர்கள். அசையாமல் இருந்தால் ஓடுங்கள்.

"நித்யா, பாக்கியம் பண்ணையைப் பாரு."

அவள் பார்த்தாள். முகம் மாறியது. "பழசு நின்னுருச்சுக்கா. புதுசு பாதிகூட வரல."

"ஃபேனு?"

"அதுவும் நின்னிருக்கும்."

பாக்கியம் பண்ணையை நினைத்துத்தான் நான் அதிகம் பயந்தேன். காரணம் இருந்தது. மற்ற பண்ணைகளில் எல்லாம் பெட்டியும் ஃபேன் வயர்களும் சேருகிற பேனல், நான் கட்டிய பழையது. அதில் ஒரு கை சுவிட்ச் இருக்கும். பெட்டி செத்தால் கையால் திருகி ஃபேனை ஓட்டலாம். பாக்கியத்துக்கு மட்டும் முதலாளி ஆசையாகப் புது மாடல் பேனல் கொடுத்திருந்தார். கண்ணாடி மாதிரி வழுவழு என்று இருக்கும். ஸ்மார்ட் பேனலில் கை சுவிட்ச் வைப்பது, மாப்பிள்ளைக்குக் கோட்டு போட்டுவிட்டு இடுப்பில் துண்டு கட்டுவது மாதிரி என்று சொல்லி அதை எடுக்கச் சொல்லிவிட்டார். அதிலும் அங்கே கோழிகள் முழு எடைக்கு வந்து, பிடிக்க வண்டி வர வேண்டிய நிலையில் இருந்தன. வளர்ந்த கோழிக்குச் சூடு தாங்காது. குஞ்சு கொடுக்கிற கம்பெனி, ஒரு பேட்ச் இப்படிச் செத்தது என்றால் அடுத்த பேட்ச் இறக்காது. கொட்டகை காலியாகக் கிடக்கும். பாக்கியத்துக்கு அந்தக் கொட்டகையை விட்டால் வேறு வேலை இல்லை.

முதலில் என்ன செய்ய வேண்டும்? பாக்கியத்துக்குப் போன் போடவா, மற்ற பண்ணைகளைக் காப்பாற்றவா? பெட்டிகள் வரிசையாக விழுந்துகொண்டிருந்தன. முறை வராத பெட்டிகள் இன்னும் பழைய கன்டெய்னரோடு உயிரோடு இருந்தன. நான் நேராகப் போய், மாலைக்குள் கையை விட்டு, சர்வரின் நெட் வயரைப் பிடுங்கினேன். சம்பங்கி கொத்தோடு வந்தது.

முதலாளிக்கு அழுகை வராத குறை. "அக்கா! பாதியில நிறுத்துறது அபசகுனம்!"

விழுந்துவிட்ட பண்ணைகளுக்கெல்லாம் போன் போட்டு, கை சுவிட்சைத் திருகச் சொல்லும்படி கேசரி தின்றுகொண்டிருந்த அத்தனை பேரையும் ஏவினேன். பாக்கியத்துக்கு நானே போட்டேன். இரண்டு கையும் வேண்டியிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"பாக்கியம், எங்க இருக்க?"

"ரோட்டு மேல நிக்கிறேன் தாயி. ஒங்க கன்டெய்னரு வந்தா வழி காட்டணும்ல. மொனையில வேப்பங்கொப்பு இடிக்கும்னு அதையும் வெட்டித் தள்ளிட்டேன். வண்டி எங்கிட்டு வருது?"

"வண்டியை விடு. கொட்டகைக்கு ஓடு. ஃபேனு ஓடுதான்னு பாரு."

ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு மூச்சு வாங்குகிற சத்தம். "நின்னுருச்சு தாயி. அம்புட்டும் நின்னுருச்சு. கோழியெல்லாம் வாயத் தொறந்துக்கிட்டு இறக்கைய விரிச்சுப் போட்டு நிக்குது. சுவிட்சு எங்க இருக்கு இதுல? வழுவழுன்னு ஒரு பொட்டியக் குடுத்தீகளே, இதுல எதத் திருக?"

பின்னால் முதலாளி வயரைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். "திரும்பச் சொருகுங்கக்கா. செத்த நேரம் பொறுத்தா வந்துரும். நல்ல நேரம் இன்னும் முடியல."

"யாரு தாயி அது, பின்னால நல்ல நேரம்ங்கிறது?"

"முதலாளி."

"அவரப் பெறகு பாத்துக்கிறேன். இப்ப நான் என்ன செய்ய?"

"கொட்டகைக்கு ரெண்டு பக்கமும் கட்டியிருக்கிற படுதாவை எல்லாம் தூக்கணும். உடனே தூக்கணும். ஒத்த ஆளால முடியாதே. ஆளு யாரும் இருக்காங்களா?"

"இருக்காகளே! கன்டெய்னரு எறக்க அஞ்சாறு பேரக் கூட்டியாந்து வேப்ப மரத்தடியில ஒக்கார வச்சிருக்கேன். காலையிலருந்து டீய குடிச்சுக்கிட்டுச் சும்மா கெடக்காக."

இத்தனை வருஷ வேலையில் ஒரு மோசமான தமிழ்ச் செய்திக்காக நான் மாதாவுக்கு நன்றி சொன்னது அன்று ஒருமுறைதான்.

"கயித்தை அவிழ்க்க நேரமில்ல. அரிவாள வச்சு அறுக்கச் சொல்லு. படுதா போனாப் போகட்டும். பொறவு மருந்தடிக்கிற பம்புல வெறும் தண்ணி ஊத்தி எல்லாப் பக்கமும் அடிங்க. ரெண்டு பேரு உள்ள மெல்ல நடந்து கோழிய எழுப்பி விட்டுக்கிட்டே இருக்கணும். ஓடக் கூடாது. மெரண்டா ஒண்ணு மேல ஒண்ணு ஏறிச் செத்துரும்."

"ஏலே, எந்திரிங்கடா! அருவாள எடு!" என்று அவர் கத்தியது ஆபீஸ் முழுக்கக் கேட்டது. பிறகு போனை எங்கேயோ வீசிவிட்டார். அறுக்கிற சத்தமும் கோழிச் சத்தமும் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தன.

நான் டூல் பையை எடுத்துக்கொண்டு, ஸ்டோரிலிருந்து ஒரு கை சுவிட்சும் எடுத்துக்கொண்டு, நித்யாவோடு கிளம்பினேன். செம்பட்டி தாண்டும்போது முதலாளி போனில் வந்தார். புதுப் பேனலில் சுவிட்ச் மாட்டினால் பார்க்க எப்படி இருக்கும் என்று கேட்டார். போனை நித்யாவிடம் கொடுத்துவிட்டேன். அவள் அமைதியாக அணைத்துவிட்டாள். அவள் தேறுவாள் என்று அன்றைக்குத்தான் நம்பினேன்.

போய்ச் சேர்ந்தபோது கொட்டகை கோவணம் கட்டியது போல நின்றது. இரண்டு பக்கமும் படுதா கிழிந்து தொங்கியது. உள்ளே ஆட்கள் தொப்பலாக நனைந்து, கோழிகளுக்கு நடுவே கோயிலில் அடிப்பிரதட்சணம் செய்வது போல அடி அடியாக நடந்துகொண்டிருந்தார்கள். மெயினை அணைத்துவிட்டு, பெட்டியை ஒதுக்கி, சுவிட்சை மாட்டி, திருகினேன். ஃபேன்கள் உறுமிக்கொண்டு கிளம்பின. பாக்கியம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

எல்லாம் பிழைத்தன என்று சொன்னால் பொய். காற்று எட்டாத கடைசி மூலையில் கிடந்தவை போய்விட்டன. அவற்றைப் பாக்கியம் தானே சாக்கில் அள்ளினார். மற்றவை எல்லாம் பிழைத்து நின்றன. அள்ளி முடித்த பிறகு என்னிடம் வந்தார்.

"ஆமா தாயி, அந்தக் கன்டெய்னரு கடைசியில வந்துச்சா இல்லையா?"

சுவரில் இருந்த பெட்டியைக் காட்டினேன். "இதுக்குள்ளதான் வரணும். பாதி வந்திருக்கு."

அவர் பெட்டியைப் பார்த்தார். பாதை முனையில் வெட்டிக் கிடந்த வேப்பங்கொப்பைப் பார்த்தார். "இதுக்கா?" என்றார். அதற்குமேல் சொன்னதை நான் எழுத முடியாது.

மறுநாள் குஞ்சுக் கம்பெனியின் சூப்பர்வைசர் வந்தார். செத்ததைப் பார்த்தார், கிழிந்த படுதாவைப் பார்த்தார். பேனல் ஒழுங்காக வேலை செய்கிறது என்று காட்டினால் அடுத்த பேட்ச் இறக்குகிறேன், இல்லையென்றால் இல்லை என்றார். காட்டலாம், ஆனால் அந்த நல்ல நேரத்துக்காரரும் நேரில் வர வேண்டும் என்றார் பாக்கியம். இப்போது பந்து நமது முதலாளியிடம் வந்தது. அவரோ, நான் மாலையோடு வயரைப் பிடுங்கியதால்தான் இத்தனையும் என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் அவர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன்.

"தேரு, தேருன்னீங்களே. புதுத் தேரு செஞ்சா மொதல்ல என்ன செய்வாங்க?"

"வெள்ளோட்டம் விடுவாங்க."

"அதுல சாமி இருக்குமா?"

"அதெப்படிக்கா, வெள்ளோட்டத்துல சாமிய ஏத்துவாங்களா? வெறுந்தேருதான். சக்கரம் ஓடுதா, அச்சு தாங்குதா, மொனை திரும்புதான்னு பாக்கணும்ல."

சொல்லிவிட்டு அவரே நிறுத்தினார். பைலட் என்று சொன்னேன், படிப்படியாக என்று சொன்னேன், படம் போட்டுக்கூடக் காட்டினேன். இத்தனை நாளாக மண்டையில் ஏறாதது, இந்த ஒரு சொல்லில் ஏறியது.

"அப்ப கோழி இல்லாத கொட்டகையில மொதல்ல போடணும்ங்கிறீங்க."

"பேட்ச் எடுத்துட்டு கழுவிக் காயப்போட்டிருப்பாங்க. அப்ப போடணும். புதுசு வந்து நின்னு ஓடுனதுக்கப்புறம்தான் பழசை அழிக்கணும். எல்லாப் பேனல்லயும் கை சுவிட்சு இருக்கணும்."

"வெள்ளோட்டத்துக்கு நாள் பாக்கணுமே" என்றார் அவர், காலண்டரை இழுத்துக்கொண்டு. பார்த்துக்கொள்ளட்டும். இந்தக் கம்பெனியில் இன்று நீங்கள் வாயில் போட்டு மெல்லுகிற 'வெள்ளோட்டம்' என்ற சொல் அந்த அறையில் பிறந்தது. ஏதோ வெளிநாட்டுப் புத்தகத்திலிருந்து வந்தது என்று உங்களில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அவர் என்னை நேரில் வந்து பார்க்கவும்.

பாக்கியத்தின் கோழிகள் வண்டி ஏறின. கொட்டகையைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். புதுப் படுதா கட்டியிருந்தது. நான் கை சுவிட்சை வெளிச்சுவரில், நெஞ்சு உயரத்தில், சிவப்புப் பிடியோடு மாட்டியிருந்தேன். வழுவழுப் பேனலுக்குப் பக்கத்தில் அசிங்கமாகத்தான் இருந்தது. முதலாளி வெள்ளைச் சட்டையில், கையில் எலுமிச்சம்பழத்தோடு வந்து இறங்கினார். சூப்பர்வைசரும் வந்திருந்தார்.

நித்யா புது முறையில் கன்டெய்னரை அனுப்பினாள். ஃபேன்கள் ஒரு நொடியும் நிற்கவில்லை. முதலாளி சிரித்தார். சூப்பர்வைசர் தலையாட்டினார்.

பாக்கியம் மட்டும் நகரவில்லை. "ஓடுறதப் பாத்தாச்சு. அன்னைக்கு நின்ன மாதிரி நிக்கட்டும். அப்ப இந்தச் சுவிட்சு கேக்குதான்னு பாக்கணும்."

நியாயம்தான். பெட்டியின் வயரைக் கழற்றிச் சாகடிப்பது என்று முடிவானது. உள்ளே இருந்து ஒருவர் ஃபேன் எல்லாம் ஓடுகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். படுதா இறக்கி, கதவும் சாத்தியிருக்க வேண்டும். யார் உள்ளே போவது என்று ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"மொதலாளி பாத்துச் சொன்னாத்தான் சரியா இருக்கும்" என்றார் பாக்கியம், ரொம்ப மரியாதையாக. "வாங்கய்யா. அந்தக் கடைசி மூலையில போய் நில்லுங்க. அங்கிட்டுத்தான் காத்து எட்டுதான்னு பாக்கணும்."

முதலாளி பழத்தோடு உள்ளே போனார். கதவைச் சாத்தினோம். நான் வயரைக் கழற்றினேன். ஃபேன்கள் ஒவ்வொன்றாகச் சுற்றி அடங்கின. சித்திரை முடிந்து வைகாசி வந்திருந்தது, வெயில் மட்டும் அதே வெயில். கொட்டகைக்குள் சத்தமே இல்லை. பாக்கியம் சிவப்புப் பிடியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"போடலாம்மா!" என்று உள்ளே இருந்து குரல் வந்தது.

அவர் போடவில்லை.

"அம்மா, வேகுது! சுவிட்சப் போடுங்க!"

பாக்கியம் என்னைப் பார்த்தார். பிறகு படுதாவுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, உள்ளே கேட்கும்படி சொன்னார்.

"செத்த நேரம் பொறுங்கய்யா. நல்ல நேரம் இன்னும் முடியல."